கர்சர் தேர்வும் தரவின் இயல்பும்

தரவுத்தளத்திடம் வினவி, விடையாகக் கிடைக்கும் பதிவுகளை ஒவ்வொன்றாக நிரலுக்குள் கொண்டுவரும் ஏற்பாடு கர்சர் எனப்படும். விடைத்தொகுதியில் நிரல் எந்தப் பதிவில் நிற்கிறது என்பதை நினைவில் வைத்திருப்பதும் அங்கிருந்து நகர்த்துவதும் அதன் பணி. 1990களின் பிற்பகுதியில் விஷுவல் பேசிக் நிரலாளர்களிடையே பரவிய மைக்ரோசாஃப்டின் தரவு அணுகு நிரல்தொகுப்பான ஏடிஓ, நான்கு வகைக் கர்சர்களை முன்வைத்து, தேர்வை நிரலாளரிடமே விட்டது.

ஃபார்வர்டு ஒன்லி கர்சர் முன்னோக்கி மட்டுமே செல்லும்; கடந்த பதிவுக்குத் திரும்பாது. ஸ்டாட்டிக் கர்சர், திறக்கும் கணத்தில் இருந்த விடையின் நகலில் முன்னும் பின்னும் செல்லும். பிறர் பின்னர் செய்யும் மாற்றங்கள் அதில் தெரியா. கீசெட் கர்சர் பதிவுகளின் தனித்த அடையாளங்களை மட்டும் சேமித்துக்கொண்டு உள்ளடக்கத்தை அவ்வப்போது எடுத்துவருவதால், பிறர் செய்த திருத்தங்களைக் காட்டினாலும் அவர்கள் புதிதாகச் சேர்த்த பதிவுகளைக் காட்டாது. சேர்ப்பு, நீக்கம், திருத்தம் மூன்றையும் காட்டுவது டைனமிக் கர்சர்.

படிக்கும்போதே தரவு மாறினால் என்ன செய்வது என்ற கேள்வியைத் தவிர்க்க விடாமல் நிரலாளர் முன் நிறுத்துவதே இப்பகுப்பின் பெருஞ்சிறப்பு. 1886இல் கர்னல் ஆல்காட் நிறுவிய அடையாறு நூலகத்தைப் போல ஓலைச்சுவடிகள் நிறைந்த ஒரு நூலகத்தின் பட்டியல் தரவுத்தளத்தில் இருப்பதாகக் கொண்டால், சுவடியின் பெயரும் மொழியும் ஏடுகளின் எண்ணிக்கையும் ஒருமுறை பதிவானபின் அரிதாகவே மாறும் என்பதால், அப்பட்டியலை அச்சிட ஃபார்வர்டு ஒன்லியும், ஆய்வாளர் முன்பின்னாகப் பார்த்துச் செல்ல ஸ்டாட்டிக்கும் முற்றிலும் போதுமானவை. ஆனால் எந்தச் சுவடி இப்போது எந்த வாசகரிடம் இருக்கிறது என்ற பதிவு ஒரே நாளில் பலமுறை மாறக்கூடியது. அங்கே பழைய நகலை நம்பி ஒரு சுவடியை இருப்பில் உள்ளதாகக் காட்டுவது பிழை. கர்சரின் வகையைத் தரவின் இயல்பே தீர்மானிக்க வேண்டும் என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

நடைமுறையோ பெரும்பாலும் வேறு திசையில் சென்றது. ஃபார்வர்டு ஒன்லி கர்சரிடம் பதிவுகளின் எண்ணிக்கையைக் கேட்டால் -1 என்றே விடை வரும்; அந்த ஒரு எண்ணுக்காகவே ஸ்டாட்டிக் அல்லது கீசெட் கர்சரைத் திறக்கும் வழக்கம் ஏற்பட்டது. எண்ணிக்கையைத் தனி வினவலாகத் தரவுத்தளத்திடமே கேட்டுவிட முடியும் என்ற நிலையில், மைக்ரோசாஃப்டின் தரவுத்தள அமைப்பான எஸ்க்யூஎல் சர்வரின் தற்காலிகச் சேமிப்பில் முழு விடையின் நகலையோ அடையாளங்களையோ குவிப்பது வீண்செலவு; பயனர் பலர் ஒரே நேரத்தில் வரும் செயலியில் அது வழங்கியையே தளரச் செய்யும்.

இதைவிடக் கடுமையான குறை, கேட்டது கிடைக்காதபோது அமைப்பு மௌனமாக இருப்பது. கர்சரைப் பயனரின் கணினியில் வைக்கும்படி அமைத்துவிட்டு டைனமிக் வகையைக் கேட்டால், ஏடிஓ பிழை எதுவும் அறிவிக்காமல் ஸ்டாட்டிக்கையே தருகிறது. பதிவுகளைத் தனித்து அடையாளம் காட்டும் சுட்டு (யுனிக் இண்டெக்ஸ்) இல்லாத அட்டவணையில் கீசெட் கேட்டால் எஸ்க்யூஎல் சர்வரும் அதை ஸ்டாட்டிக்காக மாற்றிவிடுகிறது. நிரலைப் படிப்பவர் நடப்புத் தரவு என்று நம்ப, இயங்குவது உறைந்த நகலாக இருக்கிறது. திறந்தபின் வகையை மீண்டும் சரிபார்க்கலாம் என்பது உண்மையே. எனினும் தரவின் நம்பகத்தன்மை சார்ந்த ஒரு முடிவை இவ்வாறு அறிவிப்பின்றி மாற்றும் வடிவமைப்பை ஏற்பதற்கில்லை.

2002இல் வெளிவந்த ஏடிஓ டாட்நெட் இப்பகுப்பைச் சுருக்கி, முன்னோக்கி மட்டும் படிக்கும் டேட்டாரீடர், இணைப்பைத் துண்டித்தபின் நினைவகத்தில் வைத்துக் கையாளும் டேட்டாசெட் ஆகிய இரண்டை முதன்மையாக்கியது. ஒவ்வொரு கோரிக்கையும் தனித்து முடியும் இணையச் செயலிகளுக்கு, வழங்கியில் நெடுநேரம் திறந்திருக்கும் கர்சர் பொருந்தாது என்பதால் இச்சுருக்கம் நியாயமானதே. ஆயினும் மாற்றத்தைக் கவனிக்கும் கடமை கர்சரிடமிருந்து நிரலாளரிடம் இடம்பெயர்ந்ததேயன்றி மறையவில்லை. இப்போது ஒரு பதிவைத் திருத்தும்போது, முன்பு படித்தபோது அதில் இருந்த, திருத்தந்தோறும் மாறும் பதிப்பெண்ணே இன்னும் இருக்கிறதா என்ற நிபந்தனையைத் திருத்த வினவலிலேயே சேர்க்க வேண்டியிருக்கிறது.