முப்பது வினாடி ஓவியம்: சிரிப்பு யார் மேல் விழுகிறது?

பயிற்சிப் பட்டறைக்குப் போய் வந்த ஆசிரியர்களுக்கு இந்த நடவடிக்கை பழக்கமானதுதான். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, 30 வினாடிக்குள் அவர் முகத்தை வரைய வேண்டும். நேரம் முடிந்ததும் தாளைக் காட்ட வேண்டும். அரங்கமே சிரிக்கும், கூச்சம் போய்விடும். தாளும் பென்சிலும் போதும், செலவே இல்லை. அதனால் ஆண்டுத் தொடக்கத்தில் பலரும் இதை அப்படியே வகுப்பறைக்குக் கொண்டு போகிறோம். பட்டறையில் நன்றாக நடப்பது படிவம் 1-இல் நன்றாக நடக்குமா? நடக்காது என்பது என் அனுபவம்.

இது எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கற்பித்த பாப் மெக்கிம் இந்தப் பயிற்சியைத் தம் மாணவர்களுக்குக் கொடுத்து வந்தார். ஐடியோ நிறுவனத்தின் டிம் பிரவுன், 2008-இல் ஆற்றிய உரையில் அரங்கத்தில் இருந்தவர்களை இப்படி வரைய வைத்தார். டெட் தளத்தில் அதைப் பார்க்கலாம். பெரியவர்கள் படத்தைக் காட்டும்போது மன்னிப்புக் கேட்கிறார்கள். சிறுவர்கள் அப்படிக் கேட்பதில்லை, பெருமையாகக் காட்டுகிறார்கள். மற்றவர் என்ன நினைப்பாரோ என்ற பயம் வயதோடு வளர்கிறது என்பதுதான் அங்கே பாடம்.

நம் 13 வயது மாணவர்களுக்கு அந்தப் பயம் இப்போதுதான் பிடிக்கத் தொடங்குகிறது. அதிலும் தமிழ் வகுப்பைப் பாருங்கள். வெவ்வேறு தமிழ்ப்பள்ளிகளில் படித்தவர்கள், வெவ்வேறு வகுப்புகளிலிருந்து தமிழ்ப் பாடத்துக்காக மட்டும் ஒன்றாக வந்து உட்காருகிறார்கள். பலருக்கு ஒருவரையொருவர் தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மாணவன் எதிரில் இருந்த மாணவியின் முகத்தை வட்டமாக வரைந்தான். கண், மூக்கு, வாய் வைத்தான். மீதி நேரத்தில் முகம் முழுக்கப் பென்சிலால் தேய்த்துக் கறுப்பாக்கினான். தாளைத் தூக்கிக் காட்டியதும் வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது. அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. தாளை வாங்கி நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். அடுத்த இரண்டு வாரம் தமிழ் வகுப்பில் அவள் வாயே திறக்கவில்லை. அந்தப் பையன் கெட்டவன் இல்லை. நிறத்தைப் பற்றி நம் வீடுகளில் என்னென்ன பேசுகிறோம் என்பது நமக்கே தெரியும். அந்தப் பேச்சுதான் பென்சிலில் இறங்கியது.

இந்த நடவடிக்கையின் பெரிய குறை இங்கேதான். வரைந்தவர் கையைப் பார்த்துச் சிரித்தால் அது விளையாட்டு. வரையப்பட்டவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தால் அது காயம். பெரியவர்கள் "மன்னிச்சிடுங்க, எனக்கு வரைய வராது" என்று சொல்லிச் சிரிப்பைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பக்குவம் வர நாளாகும். இன்னொரு குறையும் உண்டு. இதில் தமிழ் எங்கே? 30 வினாடி மௌனம், பிறகு சிரிப்பு, கடைசியில் "சாரி டீச்சர்". அவ்வளவுதான்.

அதற்காக ஓவியத்தையே விட்டுவிட வேண்டாம். இரண்டு மாற்றம் செய்து பார்க்கலாம். ஒன்று, தாளைப் பார்க்காமல் வரைவது. ஓவிய ஆசிரியர் கீமோன் நிக்கோலாய்டிஸ் 1941-இல் வெளிவந்த தம் நூலில், கண்ணைத் தாளுக்குக் கொண்டு போகாமல், பார்க்கும் பொருளின் மேலேயே வைத்து வரையச் சொல்கிறார். இப்படி வரைந்தால் எல்லார் படமும் கோணல்தான். மூக்கு ஓரிடம், வாய் ஓரிடம் என்று கிடக்கும். யாரும் யாரையும் கேலி செய்ததாக ஆகாது.

இன்னொன்று, முதுகோடு முதுகாக உட்கார வைப்பது. ஒருவர் தம் முகத்தைத் தாமே சொல்லட்டும், மற்றவர் கேட்டு வரையட்டும். இரண்டு நிமிடம் கொடுங்கள். அடர்ந்த புருவம், சுருட்டை முடி, கன்னக்குழி போன்ற சொற்களை வெண்பலகையில் எழுதி வைத்தால் தயங்குபவர்களும் பேசுவார்கள். எதைச் சொல்வது, எதை விடுவது என்பது முகத்துக்குச் சொந்தக்காரர் விருப்பம். "நெத்தியில ஒரு தழும்பு இருக்கு, சைக்கிள்ல விழுந்தேன்" என்று ஒரு மாணவன் ஆரம்பித்தால் போதும், கதை தானாக வரும். சத்தம் கொஞ்சம் கூடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எஸ்.பி.எம். மாணவர்களே, உங்களுக்கும் இது உதவும். ஒருவரை வருணித்து நீங்கள் எழுதிய பத்தியை நண்பரிடம் கொடுத்து வரையச் சொல்லுங்கள். "அழகான முகம், அன்பான பார்வை" என்று மட்டும் எழுதியிருந்தால் அவரால் ஒரு கோடுகூடப் போட முடியாது. அந்த இடத்தைத்தான் திருத்தி எழுத வேண்டும்.

இப்போது நான் ஆண்டின் முதல் வகுப்பில் யாரையும் வரையச் சொல்வதற்கு முன், தாளைப் பார்க்காமல் என்னை வரையச் சொல்கிறேன். "டீச்சர், கண்ணாடி காதுக்கு மேல போயிருச்சு!" என்று கத்துகிறார்கள். முதல் சிரிப்பு என்னோடு போகட்டும்.