நிலைப்பாடமும் இயங்குசெயலியும்: தேவார மின்பதிப்புகளின் முகவரி அமைப்பு குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

தமிழ் இலக்கிய மின்னூலகங்கள் பல, தனித்தனி எச்.டி.எம்.எல். கோப்புகளாகத் தொடங்கிப் பின்னர் தரவுத்தளத்தால் இயங்கும் இணையச் செயலிகளாக மாறியுள்ளன. இம்மாற்றத்தில் பாடம் என்ன ஆயிற்று, அதனை மேற்கோள் காட்டும் வழி என்ன ஆயிற்று என்னும் வினாக்களைத் திருவண்ணாமலைப் பதிகம் ஒன்றின் மின்பதிப்புகளை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. மாறாத பாடத்தை மாறும் செயலிக்குள் எவ்வாறு வைப்பது என்பது பதிப்பாசிரியர் எடுக்க வேண்டிய முடிவு. அம்முடிவு நிரலாளரிடமே விடப்பட்டதால்தான் இன்றைய குறைகள் தோன்றின என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: தேவாரம், மின்பதிப்பு, நிலைப்பக்கம், இணையச் செயலி, மேற்கோள் முறை, பாடபேதம்.

பதிகம் ஒன்று, முகவரி பல

திருஞானசம்பந்தர் திருவண்ணாமலையைப் பாடிய பதிகங்கள் இரண்டு. முதல் திருமுறையின் 10ஆம் பதிகமும் 69ஆம் பதிகமும் அவை. அப்பர் பாடியவை நான்காம் திருமுறையில் 63, ஐந்தாம் திருமுறையில் 4, 5 என அமைந்துள்ளன. பண்முறைப் பகுப்பு தந்த எண்கள் இவை. தலமுறைப் பதிப்புகளில் பதிகங்களின் வரிசை வேறு. எனினும் ஆய்வுலகம் மேற்கோளுக்கு எடுத்துக்கொண்டது பண்முறை எண்ணையே. '1.10' என்று எழுதினால் போதும். தருமபுர ஆதீன உரைப்பதிப்பாயினும், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1984 முதல் வெளியிட்ட தி.வே. கோபாலையர் பதிப்பாயினும், படிப்பவர் அப்பதிகத்தைச் சென்றடைவார். பக்க எண் மாறலாம், அச்சகம் மாறலாம், தாளும் எழுத்தும் மாறலாம், 1.10 மாறாது.

கல்வெட்டாய்விலும் இத்தகைய உறுதி உண்டு. அண்ணாமலையார் கோயில் கல்வெட்டுகள் பலவற்றின் வாசகங்கள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் 8ஆம் தொகுதியில் உள்ளன. தொகுதி எண்ணையும் கல்வெட்டு எண்ணையும் தந்துவிட்டால் எந்த நூலகத்திலும் அவ்வாசகத்தைச் சரிபார்க்கலாம்.

இணையத்தில் நிலைமை வேறு. அதே 1.10, வலைத்தளத்திற்கு ஒரு முகவரியும் காலத்திற்கு ஒரு முகவரியும் கொண்டுள்ளது. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூரில் இருந்துகொண்டு, கைப்பேசியையே நூலகமாகக் கொண்டு ஆய்வேடு எழுதும் ஒருவருக்கு இது சிறு தொல்லை அன்று. அவர் அடிக்குறிப்பில் தரும் முகவரி, நெறியாளர் திறந்து பார்க்கும் நாளிலும் புறத்தேர்வாளர் திறந்து பார்க்கும் நாளிலும் அதே பாடத்தைக் காட்ட வேண்டும். காட்டாவிடில் அந்த அடிக்குறிப்பு சான்றாகாது.

கோப்பாக இருந்த காலம்

மதுரைத் திட்டம் 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பெற்றது. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்திய அத்திட்டத்தின் தொழில்நுட்பம் மிக எளிது. ஒரு நூலுக்கு அல்லது அதன் பகுதிக்கு ஒரு வரிசை எண்; அவ்வெண்ணையே பெயராகக் கொண்ட ஒரு கோப்பு. திருக்குறள் 1ஆம் எண். தரவுத்தளம் இல்லை, வார்ப்புரு இல்லை. எழுத்துரு முறை மாறியது. தஸ்கியில் இருந்தவை ஒருங்குறிக்கு வந்தன. திட்டம் தங்கிய வலைத்தளமும் மாறியது. ஆனால் நூலின் எண் கோப்பின் பெயரில் அப்படியே நின்றது. தளம் மாறினாலும் எண்ணைக்கொண்டு நூலைத் தேடிப் பிடிக்க முடிகிறது.

அக்கோப்புகளில் இன்னொரு சிறப்பும் உண்டு. தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர், கோப்பு இறுதியாகத் திருத்தப்பட்ட நாள் ஆகியவை கோப்பினுள்ளேயே எழுதப்பட்டுள்ளன. அச்சுநூலின் பதிப்புரைக்கு நிகரானது இது. கோப்பை எவர் எங்குப் படியெடுத்தாலும் இச்செய்தி உடன் செல்லும். பிற தளங்கள் அப்பாடத்தைத் தம் தரவுத்தளத்தில் ஏற்றும்போது முதலில் வெட்டியெறிவது இப்பகுதியைத்தான். பாடல் இருக்கும், அது எவர் கைவழி வந்தது என்பது இராது. ஏட்டுச்சுவடியின் முன்னும் பின்னும் உள்ள எழுதியவர் குறிப்பைக் கிள்ளியெறிந்துவிட்டுப் பாட்டை மட்டும் படியெடுப்பதை எந்தச் சுவடியியல் மாணவரும் ஏற்கமாட்டார்.

தேவாரத்திற்கு நேரடியாகப் பொருந்தும் சான்று 2007இல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனமும் பிரெஞ்சு தூரகிழக்கு ஆய்வுப்பள்ளியும் குறுந்தகடாக வெளியிட்ட கணினித் தேவாரம். ழான்-லூக் செவ்வியாரும் எஸ்.ஏ.எஸ். சர்மாவும் உருவாக்கிய இப்பதிப்பு முழுவதும் நிலைப்பக்கங்களால் ஆனது. கோப்பின் பெயரிலேயே திருமுறை எண்ணும் பதிக எண்ணும் உள்ளன. குறுந்தகட்டிற்காகச் செய்த இதனை இணையத்தில் ஏற்றவும் புதிதாக நிரல் எழுத வேண்டியிருக்கவில்லை. இணைய வசதியற்ற கணினியிலும் அது திறக்கும். அதன் தோற்றம் எளிமையானது. எனினும் மின்பதிப்பு என்னும் சொல்லுக்கு முழுத் தகுதி பெற்ற தமிழ்ப் படைப்புகளில் ஒன்றாக இதனைக் கருத வேண்டும்.

செயலிக்குள் சென்ற பின்

நிலைப்பக்கங்கள் ஆயிரக்கணக்கில் பெருகும்போது அவற்றைப் பேணுவது கடினம் என்பதை மறுக்க இயலாது. தலைப்புப் பட்டையில் ஒரு சொல்லை மாற்ற ஆயிரம் கோப்புகளைத் திருத்த வேண்டியிருக்கும். தேடல் வசதியும் சொல்லடைவும் பாடலோடு உரையை இணைத்துக் காட்டுவதும் தரவுத்தளத்தால் எளிதாகின்றன. ஆகவே செயலிக்கு மாறியது பிழையன்று. மாறிய முறையே ஆய்வுக்குரியது.

2001இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம் இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் பெற்றுள்ளது. அதன் மின்னூலகத்தின் தொடக்கப் பக்கங்களில் பெரும்பகுதி கோப்புறைக்குள் அடுக்கிய எச்.டி.எம்.எல். கோப்புகள். சில நூல்கள், நூல் எண்ணையும் பக்க எண்ணையும் பெற்று விடைதரும் நிரல்வழிப் பக்கங்களாக இருந்தன. பின்னர் அனைத்தும் ஓர் உள்ளடக்க மேலாண்மைச் செயலிக்குள் கொண்டுவரப்பட்டன. புதிய முகவரியைக் கூர்ந்து பார்த்தால் நடந்தது விளங்கும். பழைய கோப்புறைப் பாதையின் சாய்கோடுகள் இணைப்புக்கோடுகளாகி, இறுதியில் ஒரு நீண்ட எண் ஒட்டியிருக்கும். முன்பகுதி பழைய கோப்பின் எச்சம்; பின்பகுதி செயலி தன் வசதிக்காக இட்ட உள்ளக வரிசை எண். அந்த எண்ணுக்கும் நூலுக்கும் தொடர்பில்லை. நாளை வேறொரு செயலிக்கு மாறினால் அது செல்லாது. இக்கழகத்தின் தமிழ் மின்னூலகத் தளத்தில் நிலைமை இன்னும் ஒரு படி கீழே: நூல்விவரப் பக்கத்தின் அடையாளம் படித்தறிய இயலாத எழுத்துச்சரம். தமிழ் நூல்களை இத்தனை பெருந்தொகையாக வருடிப் பொதுவில் வைத்த நிறுவனம் நூலுக்கு ஒரு நல்ல எண் தர மறந்தது வியப்புக்குரியது.

தேவாரத்திற்கென்றே அமைந்த தருமபுர ஆதீனத்தின் தளம் உரை, பண், தலக்குறிப்பு என வளமானது. அதன் முகவரியில் திருமுறை எண்ணும் பாடல் எண்ணும் இடம்பெறுகின்றன, இது பாராட்டுக்குரியது. ஆனால் ஒரு பக்கத்தில் எத்தனை பாடல் காட்டுவது, எந்த வரிசையில் காட்டுவது என்னும் அமைப்புகளும் அதே முகவரியில் சேர்ந்துள்ளன. அதனால் ஒரே பாடலுக்கு முகவரிகள் பலவாகின்றன. பாடலின் அடையாளம் ஒன்று, காட்சியின் அமைப்பு இன்னொன்று. இரண்டையும் கலந்தது நிரலாளரின் சிக்கனம்.

சைவம் தளம் வேறு வழியில் சென்றது. முன்பு எண்வழிக் கோப்புகளாக இருந்த அதன் பதிகங்கள், பின்னர் பதிகத்தின் முதற்சொற்களையும் தலப்பெயரையும் ஆங்கில எழுத்தில் பெயர்த்து நீட்டிய முகவரிகளைப் பெற்றன. தேடுபொறிக்கு இது உகந்தது, ஆய்வாளருக்கு உகந்ததன்று. தமிழ்ப்பெயரை ஆங்கில எழுத்தில் எழுத ஒரு முறையா இருக்கிறது? கீழ்பென்னாத்தூர் என்னும் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் முதலெழுத்தின் நெடிலை ஓர் எழுத்தால் குறிப்பவரும் உளர், இரட்டித்துக் குறிப்பவரும் உளர். தமிழிலேயே றன்னகரமிட்டு எழுதுவதும் டண்ணகரமிட்டு எழுதுவதும் வழக்கில் உள்ளன. ஒலிபெயர்ப்பில் அமைந்த முகவரியை ஊகித்து எழுத முடியாது. படியெடுக்கத்தான் வேண்டும், படியெடுப்பில் ஓர் எழுத்துத் தவறினாலும் பக்கம் கிடைக்காது. 1.10 என்னும் எண்ணில் இத்தகைய இடர்ப்பாடு இல்லை.

ஒரே விடையை மீண்டும் மீண்டும் சமைத்தல்

செயலியின் உள்வேலையையும் சிறிது காண வேண்டும். வாசகர் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது செயலி தரவுத்தளத்தைத் திறந்து, பாடலை எடுத்து, வார்ப்புருவில் பொருத்திப் பக்கத்தை ஆக்கித் தருகிறது. அடுத்தவர் கேட்டால் மீண்டும் அதே வேலை. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மாறாத பாடலை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சமைப்பது விந்தைதான். கார்த்திகைத் தீபத்தன்று திருவண்ணாமலைப் பதிகத்தைப் பலர் ஒரே நேரத்தில் திறந்தால் சுமை முழுவதும் தரவுத்தளத்தின் மேல் விழும். அது திணறினால் எவருக்கும் பாடல் கிடைக்காது.

சுமக்கப்படும் பொருளின் அளவோ மிகச் சிறிது. ஒருங்குறியின் யூ.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு. பதினொரு பாடல் கொண்ட ஒரு பதிகம் ஏறக்குறைய 5 கிலோபைட்டுக்குள் அடங்கும். ஏழு திருமுறைகளின் மூலபாடம் முழுவதும் சில மெகாபைட்டுகளே. கைப்பேசியில் எடுத்த ஒரு நிழற்படத்தின் அளவு.

மூவகைத் தீர்வுகள் நிரலாளர் அறிந்தவையே. முதல்வகையில், வழங்கி கேட்கப்பட்ட பெயரில் கோப்பு இருக்கிறதா எனப் பார்க்கும். இருந்தால் அதனை நேரே தரும், இல்லாதபோதே செயலியை எழுப்பும். என்ஜின்எக்ஸ், அப்பாச்சி ஆகிய இரண்டிலும் சில வரிகளில் இவ்வாறு அமைக்கலாம். இரண்டாம் வகையில், செயலியே ஒரு பொதுவழியை வைத்துக்கொண்டு, முகவரியில் வரும் பெயருக்கேற்ற கோப்பைத் தன் வார்ப்புருவில் பொருத்தித் தரும். நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குத் தனித்தனி நிரல் எழுதும் வேலை இதனால் ஒழியும். ஆனால் வரும் பெயரைச் சரிபாராமல் ஏற்றால் கோப்புறைக்கு வெளியே உள்ள கோப்புகளும் வெளியாகிவிடும். இல்லாத பதிகத்தைக் கேட்கும்போது 404 என்னும் மறுமொழியைத் தராமல், 200 என்னும் வெற்றிக்குறியோடு வெற்றுப்பக்கத்தை நீட்டும் செயலிகளும் உண்டு. பாடல் இல்லையா, தளம் பழுதா என்பது வாசகருக்குத் தெரியாது. மூன்றாம் வகை, பாடத்தைத் தரவுத்தளத்தில் வைத்து, திருத்தம் நேரும்போது மட்டும் நிலைப்பக்கங்களைப் புதிதாக ஆக்கி வைப்பது. தேவாரம் போன்ற நூல்களுக்கு இம்மூன்றாம் வகையே ஏற்றது. தேடலும் சொல்லடைவும் செயலியிடம் இருக்கட்டும். பாடம் கோப்பாக வெளியே நிற்கட்டும்.

முகவரியை உள்ளக எண்ணுக்கு அடிமையாக்காமலும் செயலி எழுத முடியும். ஜாங்கோ சட்டகத்தில் நிலைப்பக்கங்களுக்கென்றே ஒரு துணைக்கூறு உள்ளது. அது பக்கத்தை அதன் முகவரியைக்கொண்டே தேடுகிறது. வேறு எந்த வழியிலும் விடை கிடைக்காமல் 404 எழும்போதே அது வேலைக்கு வரும்படி அமைக்கலாம். ஆக, குறை கருவியில் இல்லை.

பாடம் மாறும்போது

இதுவரை கண்டவை முகவரியைப் பற்றியவை. இதனினும் பெரியது பாடத்தைப் பற்றியது. தரவுத்தளத்தில் ஒரு ரகரத்தை றகரமாகத் திருத்தினால் அந்நொடியே எல்லா வாசகருக்கும் பாடம் மாறிவிடும். முன்பு எவ்வாறு இருந்தது, யார் எந்த நாளில் எந்த ஆதாரத்தால் மாற்றினார் என்பதற்குச் சுவடு இராது. அச்சுநூலில் முதற்பதிப்பும் இரண்டாம் பதிப்பும் அருகருகே அலமாரியில் நிற்கும், ஒப்பிடலாம். இங்கே பழைய பாடம் அழிந்து புதியது மட்டும் எஞ்சும். பாடபேதம் பற்றிய ஆய்வில் பிழைத்திருத்தமும் ஒரு சான்றே. எழுத்துப்பிழை எனக் கருதித் திருத்தியது உண்மையில் வேறொரு சுவடியின் பாடமாக இருக்கலாம்.

நிலைக்கோப்பு இதற்குத் தானே மருந்தாகிவிடாது. மதுரைத் திட்டக் கோப்பு திருத்திய நாளைச் சொல்கிறது. திருத்தத்திற்கு முந்திய வடிவத்தை அருகில் வைப்பதில்லை. இவ்வகையில் முன்மாதிரி முற்றிலும் இயங்குசெயலியான மீடியாவிக்கிதான். தமிழ் விக்கிமூலத்தில் ஒவ்வொரு திருத்தமும் தனி எண் பெறுகிறது. அவ்வெண்ணோடு கூடிய நிலையான இணைப்பு, அன்றைய பாடத்தை அன்றிருந்தவாறே காட்டும். புகுபதியாத வாசகருக்கு ஆக்கி வைத்த படியே பெரும்பாலும் செல்வதால் தரவுத்தளச் சுமையும் குறைகிறது. பதிப்புநெறியை எண்ணிச் செய்த செயலி, எண்ணாமல் விட்ட நிலைக்கோப்பினும் மேலானது.

உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, முகவரி மாறலாகாது என்பதை வலியுறுத்தும் குறிப்பொன்றை 1998இல் எழுதினார். மதுரைத் திட்டம் தொடங்கிய ஆண்டும் அதுவே. நிரலின் பெயரும் கோப்பு வகையும் முகவரியில் தெரியலாகாது, ஏனெனில் மாறப்போவன அவையே என்பது அவர் வாதத்தின் சாரம். பி.எச்.பி. என்றும் ஜே.எஸ்.பி. என்றும் முடிந்த தமிழ் முகவரிகள் பலவற்றின் வரலாறு இதற்குச் சான்று. முகவரியை மாற்றியே ஆக வேண்டுமெனில் பழையதிலிருந்து புதியதற்கு 301 என்னும் நிலையான திசைமாற்றம் தர வேண்டும். எண்ணூறு அளவிலான தேவாரப் பதிகங்களுக்கு இத்தகைய ஓர் ஒப்பீட்டுப் பட்டியல் ஆக்குவது ஒருவர் சில நாளில் முடிக்கக்கூடிய வேலை. அதனைச் செய்யும்படி கேட்க வேண்டியவர்கள் தமிழ்த்துறையினர். தளங்களின் அறிவுரைக் குழுக்களில் இடம்பெறும் பேராசிரியர்கள் இக்கேள்வியை எழுப்பலாம்.

தளங்கள் சீராகும்வரை ஆய்வேடுகளில் கடைப்பிடிக்கத்தக்க முறை ஒன்று உண்டு. வெறும் முகவரியை மட்டும் தருவதை நிறுத்தி, முதலில் திருமுறை, பதிகம், பாடல் எண்களையும், அடுத்து மின்பதிப்பின் பெயரையும், பார்த்த நாளையும், இறுதியில் முகவரியையும் எழுத வேண்டும். மேற்கோள் பாடபேதத்தைச் சார்ந்ததாயின் அப்பக்கத்தை இணைய ஆவணக் காப்பகத்தில் அன்றே பதிந்து, அப்படியின் முகவரியையும் சேர்க்க வேண்டும். நிலைப்பக்கங்கள் அங்கே எளிதில் பதிவாகின்றன. படிவத்தை நிரப்பி அனுப்பினால் மட்டுமே தோன்றும் பக்கங்கள் அவ்வாறு பதிவாவதில்லை. அவற்றிலிருந்து பாடம் எடுப்பவர் திரைப்படியைப் பின்னிணைப்பில் சேர்ப்பது நலம்.