ஆறு கிலோ பைப்பும் டர்போ காற்றும்

டர்போ வண்டி மேடேறும்போது இழுவை குறைந்து கரும்புகை தள்ளினால், பல ஒர்க்‌ஷாப்களில் முதலில் காதில் விழுவது "டர்போ போயிடுச்சு சார்" என்பதுதான். ஆயிரக்கணக்கில் செலவு வைக்கிற அந்தத் தீர்ப்பைச் சொல்லும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. டர்போ அழுத்தி அனுப்பும் காற்று இன்டர்கூலர் வழியாக இன்ஜினுக்குப் போவதற்குள் எங்காவது ஒழுகுகிறதா என்று பார்ப்பது. ஹோஸில் வெடிப்பு, தளர்ந்த கிளாம்ப், நைந்துபோன கேஸ்கெட் என எதுவாகவும் இருக்கலாம்.

இதற்காகக் கார் ஆர்வலர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளும் கருவி மிக எளிது. பிவிசி எண்டு கேப்பில் துளை போட்டு டியூப்லெஸ் டயர் வால்வை மாட்ட வேண்டும். அதை ஒரு ஹோஸ் துண்டால் டர்போவின் வாயோடு இணைத்துக் கிளாம்பை இறுக்கிவிட்டு, கம்ப்ரஸரால் காற்றேற்ற வேண்டும். மூட்டுகளில் சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் ஒழுகும் இடத்தில் நுரை பொங்கும். சில நூறு ரூபாயில் வேலை முடிந்துவிடும்.

மலிவை விடப் பெரிய பலம் இந்த முறைக்கு உண்டு: வண்டி ஓடும்போது குழாய்களில் இருக்கும் அதே அழுத்தத்தில் சோதிக்கலாம். ஒர்க்‌ஷாப்பில் பயன்படுத்தும் புகை இயந்திரம் பொதுவாக 1 psi அளவில்தான் புகையைச் செலுத்தும். ஹோஸின் அடிப்பக்கத்தில், எண்ணெய்க் கசிவு படிந்து, கையால் தடவினாலும் தெரியாத கீறல் அந்த அழுத்தத்துக்கு வாய் திறக்காது. 15 psi ஏறும்போதுதான் ரப்பர் உப்பி, கீறல் விரிந்து, 'உஸ்' என்று சத்தம் வரும். சிறு ஒழுக்குதானே என்று விடவும் முடியாது. பல வண்டிகளில் குறைந்த அழுத்தத்தை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டியிருக்கும். ஒழுக்கை அடைக்காமல் புது டர்போ போட்டால் அதுவும் அதே சுமையைத்தான் சுமக்கும்.

என் பெரிய ஆட்சேபம் அந்த பிவிசி கேப் மேல்தான். "6 கிலோ பைப்புதானே, 85 psi தாங்குமே, நாம் ஏற்றுவது 15தானே" என்பார்கள். அந்த 6 கிலோ தண்ணீருக்கான கணக்கு. தண்ணீர்க் குழாய் வெடித்தால் அழுத்தம் நொடியில் இறங்கிவிடும். அழுத்திய காற்று தேக்கிய விசையோடு விரிந்து, பிவிசியைச் சில்லுசில்லாகத் தெறிக்கவிடும். தரைக்கு மேல் போடும் அழுத்தக் காற்று இணைப்புகளில் பிவிசி குழாய் வேண்டாம் என்று அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 1988-லேயே எச்சரித்தது. கேப் உடையாவிட்டாலும் கழன்று பறக்கலாம். மூன்று அங்குலக் கேப்பை 20 psi தள்ளும் விசை 60 கிலோவுக்கு மேல். பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் டேங்கில் 100 psi-க்கு மேல் இருக்கும். ரெகுலேட்டர் இல்லாமல் அதை நேராக வால்வில் வைப்பவர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது. இன்டர்கூலர் தையல் விட்டுப்போகவும் அது போதும்.

லேத்தில் அலுமினியத் துண்டு ஒன்றைக் கடைந்து வாங்குங்கள். ஹோஸ் நழுவாதபடி ஓரத்தில் சின்ன விளிம்பும் விடச் சொல்லுங்கள். கேஜுடன் ரெகுலேட்டரும் கட்டாயம். வண்டியின் இயல்பான பூஸ்டைத் தாண்டக் கூடாது, கேப்புக்கு நேர் எதிரே நிற்கவும் கூடாது. இவற்றால் செலவு கூடும். ஆனாலும் புது டர்போவின் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

அடுத்த குறை, முடிவைப் படிப்பதில். கேஜ் முள் இறங்கினாலே ஒழுக்கு என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். இன்ஜின் நிற்கும்போது ஏதாவதொரு சிலிண்டரின் இன்டேக் வால்வு பெரும்பாலும் திறந்தே இருக்கும். பிஸ்டன் ரிங் வழியாகக் காற்று கீழே இறங்கும். டர்போவின் ஆயில் சீலும் ஓடாத நிலையில் கொஞ்சம் காற்றை விடும். ஆயில் மூடியைத் திறந்தால் கேட்கிற மெல்லிய சீறல் இயல்பானது. டீசலில் ஈஜிஆர் வால்வு சரியாக மூடாவிட்டால் காற்று சைலன்சர் வரை போகும். அது வேறு பழுது. ஆகவே முள்ளை விட நுரையை நம்புவது நல்லது. பிரீதர் ஹோஸ் டர்போவுக்கு முந்தைய குழாயில் சேரும் வண்டிகளில், அந்தக் குழாயிலிருந்து காற்றேற்றினால் கிராங்க்கேஸே உப்பி, ஆயில் சீல் தள்ளப்படலாம். டர்போ வாயிலேயே மாட்டுவது இதற்காகத்தான்.

சூடேறி இன்ஜின் குலுங்கும்போது மட்டும் திறக்கிற விரிசல் இதில் சிக்காமல் போகலாம். வேஸ்ட்கேட் ஒட்டிக்கொண்டிருந்தாலும் தெரியாது. சோதனையில் ஒழுக்கு இல்லை என்றால் தேடலின் ஒரு பகுதி முடிந்தது, அவ்வளவே.

துளையிட்டபோது உதிர்ந்த தூள் கருவிக்குள் ஒட்டியிருந்தால் காற்றோடு டர்போவுக்குள் போய்விடும். நிமிடத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டும் அந்தச் சக்கரத்தின் இறக்கைகளுக்குச் சிறு துணுக்கும் ஆகாது. மாட்டும் முன் கருவியைக் கழுவித் துடைத்து, உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட வேண்டும்.