கிணற்றடியில் தோற்கும் டெனிம்

கோடி கழியாத டெனிமில், அதாவது தறியிலிருந்து இறங்கியபின் ஒருமுறையேனும் தண்ணீர் காணாத துணியில் தைக்கப்பட்ட நீளக் காற்சட்டையொன்று, சித்திரை வெயிலில் தொடங்கிச் சோளகம் ஓய்ந்து கார்த்திகை மழை பிடிக்கும் வரையில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் அணிந்து பார்க்கப்பட்டது. துணி யப்பானின் ஒகயாமா மாநிலத்தில் நெய்யப்பட்டது. எடை 14 அவுன்ஸ். ரொறன்ரோவிலிருந்து வந்த உறவினரின் பெட்டியில் வந்திறங்கியது. வெட்டிலும் தையலிலும் குறை சொல்ல இடமில்லை. ஆயினும் உடுப்பின் தரத்தைக் கடைக் கண்ணாடியின் முன் நின்று முடிவுசெய்வது உலக வழக்கமாயிருக்க, இக்காற்சட்டைக்கான தீர்ப்பு கிணற்றடியில்தான் எழுதப்பட்டது. அங்கே அது தேறவில்லை.

நுட்ப விவரங்கள் பெரும்பாலும் அறியப்பட்டவையே. டெனிம் என்பது பருத்தியின் சாய்வரி நெசவு. நீலமேற்றிய பாவு நூல் மூன்று ஊடை நூல்களின் மேலாகச் சென்று ஒன்றின் கீழ் இறங்குவதால் முகப்பில் நீலமும் உட்புறத்தில் வெள்ளையும் மேலோங்குகின்றன. செல்விட்ஜ் என்பது பழைய ஓடத் தறியில் ஊடை நூல் அறுபடாமல் திரும்பித் திரும்பி ஓடுவதால் தானாகவே முடிந்து நிற்கும் கரை. வேட்டிக் கரையை அறிந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. அவுன்ஸ் கணக்கு ஒரு சதுர யார் துணியின் எடையைக் குறிக்கும். 14 அவுன்ஸ் என்பது சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 475 கிராம். ஜேக்கப் டேவிசும் லீவை ஸ்ட்ரோசும் 1873 மே 20ஆம் திகதி அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற செப்பாணிக் காற்சட்டை, கடும் உடலுழைப்பில் பையோரம் கிழிந்துவிடக்கூடாது என்பதற்காக உருவானது. அந்தத் தேவைக்கு இந்த எடை பொருத்தமே. கந்தோருக்கும் கலியாண வீட்டுக்கும் போய்வருபவருக்கு இது எதற்கு என்ற கேள்வியை டெனிம் பிரியர்கள் கேட்டுக்கொள்வதில்லை.

இத்துணியின் அழகு முழுவதும் அவுரி நீலத்தின் ஒரு குறைபாட்டில் தங்கியிருக்கிறது. அவுரி நீலம் நீரில் கரையாது. காரத் தொட்டியில் ஒட்சியிறக்கிக் கரையவைத்து, அதில் நூலை அமிழ்த்தி எடுத்தால் மஞ்சட்பச்சையாக வெளிவந்து, காற்றுப் பட்டதும் நீலமாகிறது. பலமுறை அமிழ்த்தினாலும் நிறம் நூலின் மேற்புறத்தில் வளையம்போலப் படிகிறதேயன்றி நடுவுக்குள் இறங்குவதில்லை. ஆகவே உராயும் இடமெல்லாம் நீலம் உதிர்ந்து உள்ளிருக்கும் வெண்மை தெரியத் தொடங்குகிறது. 1897இல் ஜேர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் செயற்கை அவுரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தபின் இந்தியாவின் அவுரிச் செய்கை சரிந்தது. சாயம் செடியிலிருந்து ஆலைக்கு மாறியதே தவிர அதன் குணம் மாறவில்லை. ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தோண்டி எடுக்கப்பட்ட சாயவேரின் சிவப்போ படிகாரத்தின் துணையோடு நூலைப் பற்றிக்கொண்டது. வடபுலம் தன் சாயமாக அறிந்தது இவ்வாறு ஊன்றி நிற்கும் நிறத்தையே.

உதிரும் இந்த நீலத்தை உடுத்துபவரின் உடலசைவுக்கேற்ப உதிர விடுவதே இவ்வுடுப்பின் பக்தர்கள் போற்றும் கலை. முழங்காலின் பின்புறத்தில் தேன்கூட்டு வரிகளும் இடுப்பின் கீழ் மடிப்பு வரிகளும் கூர்மையாக விழவேண்டுமாயின் ஆறு மாதமேனும் தண்ணீர் காட்டக்கூடாது என்பது அவர்களது விதி. லீவைஸ் நிறுவனத்தின் தலைமை அதிகாரியாயிருந்த சிப் பேர்க் 2014இல் தம் ஜீன்ஸ் ஏறத்தாழ ஓராண்டாகியும் சலவை இயந்திரத்தைக் காணவில்லை என்று மேடையிலேயே சொன்னார். கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்து மாணவர் ஒருவர் 15 மாதம் கழுவாமல் அணிந்த ஜீன்ஸில் இருந்த பக்ரீரியா அளவும், கழுவியபின் ஏறத்தாழ இரு வாரம் அணிந்தபோது இருந்த அளவும் பெரிதும் வேறுபடவில்லை என்று 2011இல் வெளியான செய்தியும் இவ்விதிக்கு ஆதாரமாக எடுத்துக்காட்டப்படுவதுண்டு. அந்தப் பல்கலைக்கழகம் இருப்பது எட்மன்டனில். ஆண்டின் பெரும்பகுதி குளிரும் வறட்சியுமான நகரம் அது. அங்கே பொருந்திய கணக்கு, நண்பகலில் திருநெல்வேலிச் சந்தைக்குச் சைக்கிளில் போய்வருபவருக்குப் பொருந்த வேண்டிய நியதி ஏதுமில்லை.

குடாநாட்டில் இவ்விதியைக் கடைப்பிடித்தால் என்ன நிகழ்கிறது என்பதை மூன்றாம் வாரமளவில் மூக்கே அறிவித்துவிடுகிறது. கடற்காற்றின் ஈரமும் வியர்வையும் சேர்ந்து, இடுப்புப் பட்டியின் உட்புறத்தில் உப்பு வெண்கோடாகப் பூக்கிறது, பைத்துணி பிசுபிசுக்கிறது. கவட்டில் நான்கு துணித் துண்டுகள் கூடும் தையற்சந்தியில், சைக்கிள் இருக்கையின் உராய்வும் அங்கே படிந்து காய்ந்த உப்பும் அழுக்கும் ஒன்றாக நூலை அராவுவதால், முதலில் பஞ்சு எழும்பி, பின் பாவு அறுந்து, வெள்ளை ஊடை மட்டும் வலைபோல் மிஞ்சுகிறது. துணியின் கனம் இதற்குக் காப்பல்ல. கனத்த துணியே விறைப்பாக மடிந்து ஒரே கோட்டில் திரும்பத் திரும்பத் தேய்கிறது. காற்சட்டையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் கிருமி சாகும் என்ற பேச்சையும் நம்பவேண்டியதில்லை. குளிரில் பக்ரீரியா உறங்கும், உடுத்ததும் விழிக்கும். அழுக்கும் உப்பும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஆகவே தோய்க்கத்தான் வேண்டும். ஆனால் எந்தத் தண்ணீரில்? குடாநாட்டுக்கு வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடுவது. சுண்ணாம்புக்கற் பாறையில் தேங்கும் நிலத்தடி நீரையே கிணறுகள் தருகின்றன. அந்நீரில் கல்சியம் மிகுதி. சவர்க்காரம் கல்சியத்தோடு சேரும்போது நுரைக்குப் பதிலாகச் சாம்பல்நிறக் கசடு திரள்கிறது. சாரத்திலிருந்து அலசினால் போய்விடும் அக்கசடு டெனிமின் நெருக்கமான சாய்வரிகளுக்குள் புகுந்துகொண்டு, காய்ந்தபின் துணியை மட்டைபோல் விறைக்கச் செய்வதோடு நீலத்தின் மேல் மங்கலான பூச்சாகவும் நிற்கிறது. சலவைத்தூளிலோ திரவத்திலோ இத்தொல்லை குறைவு. தீவுப்பகுதிகளிலும் கரையோரத்திலும் உவர்க்கிணறு வேறு வகைச் சோதனை: அதில் அலசிய துணியில் எஞ்சும் உப்பு காற்றின் ஈரத்தை இழுப்பதால் கொடியில் காய்ந்ததுபோல் தோன்றும் காற்சட்டை உடுத்ததும் தண்ணென்று ஒட்டும். நன்னீர்க் கிணறு உள்ள வீட்டில் கடைசி அலசலையேனும் முடித்துவிடுவது நல்லது.

தோய்க்கிற கல்லைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். ஆலைகளில் எரிமலைக் கல்லோடு உருட்டி ஜீன்ஸை வெளுப்பிப்பதற்குப் பெரிய இயந்திரங்கள் உள்ளன. அதே வேலையைக் கிணற்றடிக் கல் ஒரே காலையில், ஆனால் ஒழுங்கின்றி, செய்து முடிக்கிறது. கனத்த ஈரத் துணியை மடித்து ஓங்கி அடிக்கையில் அடி முழுவதும் மடிப்பு முனையில் விழுவதால், அடுத்த நாள் தொடையின் குறுக்கே சுண்ணாம்பால் கீறியதுபோன்ற வெள்ளைக் கோடு ஒன்று நிற்கும். அது பின்னர் மாறுவதே இல்லை. மாதக்கணக்கில் கவனித்து வளர்த்த தேன்கூட்டு வரிகளெல்லாம் அந்த ஒற்றைக் கோட்டின் முன் எடுபடா. இவ்வகைத் துணியை உட்புறம் வெளியாகத் திருப்பி, குளிர்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, கையால் கசக்கி அலசுவதே முறை. வீட்டில் தோய்ப்பவருக்கு இதை முன்கூட்டியே சொல்லாமல் காற்சட்டையை அழுக்குக் கூடைக்குள் போட்டவர் பின்னர் எவரையும் நொந்துகொள்ள வழியில்லை.

பொருளாதாரத் தடை நிலவிய 1990களில் சவர்க்காரம் அரிதாகிவிட, குடாநாட்டார் பனம்பழக் களியைக் கரைத்து உடுப்புத் தோய்த்தனர். பனங்களியின் கசப்புக்குக் காரணமான சப்போனின் என்ற நுரைக்கும் பொருள் எண்ணெய் அழுக்கை ஓரளவு கழற்றும். மணம் மட்டும் துணியில் தங்கிவிடுவதால் கொடியிலிருந்த உடுப்பை மாடு சப்பிய கதைகளை அக்காலத்தவர் இன்றும் சொல்வர். அந்நாட்களில் கையிலிருந்த ஓரிரு டெனிம்கள் நைந்து கிழியும் வரை உழைத்தன. துணியை வெளுக்க விடாமல் பேணுவது பற்றிய இன்றைய நுணுக்கப் பேச்சு, அத்தலைமுறையினருக்குச் சற்றே வேடிக்கையாகத் தோன்றினால் அதில் வியப்பில்லை.

உலர்த்துவது இன்னொரு தேர்வு. சோளகம் வீசும் ஆடி ஆவணியில் காலையில் கொடியிலிட்ட காற்சட்டையின் கால்கள் மதியத்துக்கு முன்பே காய்ந்துவிடுகின்றன; இடுப்புப் பட்டியும், பையடியும், இரட்டைத் தையல் ஓடும் உட்காற் பொருத்தும் மாலை வரை ஈரம் காக்கின்றன. நேர் வெயிலில் அவுரி மேலும் வெளுக்கும் என்பதால் நிழற்பக்கத்தில், பைகளை வெளியே இழுத்துவிட்டு, இடுப்பை மேலாக வைத்துக் காயவிட வேண்டும். கார்த்திகை பிறந்து மழை பிடித்துவிட்டால் இந்த ஒழுங்கெல்லாம் உதவாது. விறாந்தையில் இரண்டு நாள் தொங்கிய பின்னும் பட்டி குளிர்ந்தே கிடக்கிறது. பூஞ்சண மணம் ஏறுகிறது. 14 அவுன்ஸ் துணி இங்கு மாரியில் உடுக்கத் தகாததாவது உடலில் பாரமாக இருப்பதால் அல்ல, கொடியில் காயாததால்தான்.

நீலம் உதிர்வதன் மறுபக்கத்தை விற்பனையாளர் சொல்வதில்லை. முதல் இரு மாதங்களில் அது வெள்ளை சேர்ட்டின் கீழ்விளிம்பிலும், மோட்டார் சைக்கிளின் வெளிர்நிற இருக்கையிலும், வரவேற்பறைக் கதிரையிலும் தன் முத்திரையைப் பதிக்கிறது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்குள் ஆண்கள் மேலாடை களைந்தே செல்வர் என்பதால் இடுப்பைச் சுற்றிய நீல வளையம் ஊரறியத் தெரியும். அதன் மேல் கட்டிய வேட்டியின் உட்சுற்றிலும் அது ஏறும். இவ்வாறு சாயம் ஒட்டும் உடுப்பை நன்றாக உடுத்தத் தெரிந்தவரின் உடுப்பு என்று சொல்லத் துணிவு வேண்டும்.

எனினும் இக்காற்சட்டையிடம் கற்க வேண்டியவை உண்டு. இடுப்பு தொப்புளுக்குச் சற்றுக் கீழே நின்று, தொடையில் இறுகாமல், முழங்காலிலிருந்து நேராக இறங்கும் இதன் வெட்டு, சைக்கிளில் ஏறி இறங்குபவருக்கும் சப்பாணி கட்டிப் பந்தியில் இருப்பவருக்கும் ஒருங்கே இசைகிறது. 1890கள் முதல் 501 என்ற எண்ணால் அறியப்படும் லீவைஸ் காற்சட்டையின் நேர்வெட்டு மரபு அது. அம்மரபின்மேல் பற்றுக் கொள்வதற்கு நியாயம் இருக்கிறது. யாழ் நகரின் நவீன சந்தையிலும் உடுப்புக் கடைகளிலும் இன்று அடுக்கடுக்காகக் கிடப்பவையோ பெரும்பாலும் கணுக்காலைக் கவ்வும், இழுபடும் நூல் கலந்த காற்சட்டைகள். தொடையில் அச்சடித்தாற்போல மடிப்பு வரிகளும் முழங்காலில் கிழிசலும் உடையவை. உடுத்தித் தேய்ந்து வரவேண்டியதை விலைக்கு வாங்குவது எவ்வகையிலும் நல்லுடையாகாது. மணல் பீச்சி ஜீன்ஸை வெளுப்பித்த தொழிலாளர்க்குச் சிலிக்காத் தூசியால் நுரையீரல் நோய் வந்ததால் 2009இல் துருக்கி அம்முறையைத் தடைசெய்ததையும் இவ்விடத்தில் நினைவூட்டலாம்.

ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய காற்சட்டைகள், பெயர்ச்சீட்டுப் பாதி வெட்டப்பட்ட நிலையில், கொழும்பிலிருந்து குடாநாட்டுக் கடைகளுக்கும் வருவதுண்டு. அவற்றுள் பொறுமையோடு தேடுபவருக்குத் தரமானது அகப்படும். உட்காற் பொருத்து மடித்து இரட்டைத் தையலிடப்பட்டிருக்கிறதா, பைத்துணி பருத்திதானா, இருகால்களையும் நீட்டிப் பிடிக்கையில் பக்கத் தையல் முன்பக்கம் திரும்பாமல் நேராக இறங்குகிறதா என்று பார்த்தால் போதும். நீளம் குறைக்கும்போது தையற்காரரிடம் கனமான ஊசி உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பொருத்து வரும் இடத்தைச் சுத்தியலால் தட்டித் தணித்தபின் தைப்பவரே தொழில் தெரிந்தவர். விளிம்பு செருப்பின் வாரைத் தொட்டு நிற்கட்டும். கரையைக் காட்டுவதற்காக மடித்துவிடுவது வெளிநாட்டுப் படங்களில் அழகு. கோப்பாயின் செம்மண்ணில் அம்மடிப்பு தூசி அள்ளும் சட்டி.

டெனிம் மரியாதையான உடுப்பா என்ற ஐயமும் இங்கு முற்றாகத் தீரவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் டெனிமையும் ரீ-சேர்ட்டையும் விலக்கும் அறிவித்தலொன்று 2016இல் வெளியாகிப் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. தடைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்கள் வலுவற்றவை. எனினும் கிழிசலும் வெளுப்பும் இல்லாத கருநீலக் காற்சட்டையும் அயன் செய்த பருத்தி சேர்ட்டும் அணிந்தவரைக் கண்டு முகஞ்சுளிக்க மூத்தவர்க்கும் காரணம் கிடைக்காது என்பது அனுபவத்தில் தெரிகிறது.

முடிவாக, 14 அவுன்ஸ் கோடி டெனிம் தை, மாசி மாதங்களின் குளிர்ந்த காலையில் மட்டும் இங்கு இன்பம் தரக்கூடும். மற்றைய மாதங்களுக்கு அதற்கான விலை வீண். குடாநாட்டில் வாழ்பவர் வாங்கவேண்டியது 10 முதல் 12 அவுன்ஸ் வரையான, முழுப் பருத்தியான, ஆலையிலேயே சான்ஃபரைசிங் முறையில், அதாவது ஈரமும் வெப்பமும் கொடுத்து முன்கூட்டியே சுருக்கி, ஒருமுறை அலசப்பட்ட கருநீல நேர்வெட்டுக் காற்சட்டை. கனத்த டெனிம் ஏற்கெனவே வெளிநாட்டுப் பொதியில் வந்துவிட்டதாயின் முதலில் இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்துச் சுருங்கவிட்டு, அதன் பிறகே தையற்காரரிடம் நீளம் வெட்டக் கொடுக்கவும். முதல் மூன்று தோய்ப்பிலும் அதை வேறெந்த உடுப்போடும், குறிப்பாக வேட்டியோடு, ஒரே வாளியில் போடவேண்டாம்.