பஸ் ஏறாத பிரயாண இலக்கியம்

தமிழில் பிரயாண நூல்கள் நாளுக்கு நாள் பெருகி வருகின்றன. ஊர் கண்டவர், நாடு கண்டவர், கடல் கடந்தவர் ஆகிய பலரும் தாம் கண்டவற்றை எழுதி வெளியிடுகின்றனர். இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அந்நூல்களை ஒருசேர வைத்து நோக்குங்கால் ஒரு குறை புலனாகின்றது. எழுதியவர்கள் கப்பலில் போனார்கள்; ரயிலில் போனார்கள்; மோட்டார் காரில் போனார்கள்; இப்பொழுது ஆகாய விமானத்தில் போகிறார்கள். ஆனால் தமிழ் மக்களில் பெரும்பாலோர் நாள்தோறும் ஏறி இறங்கும் வண்டி யாது? பஸ் அன்றோ? அந்த பஸ்ஸில் உட்கார்ந்து, உடன் வந்தவர் முகத்தைப் பார்த்து எழுதியவர் எத்தனை பேர்? இக்கேள்வியைப் பினாங்குத் தீவையும் அதன் எதிர்க்கரையையும் முன்னிட்டு ஆராய்வதே நமது நோக்கமாகும்.

“பஸ்ஸைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? சில்லறை விஷயம், இலக்கியத்துக்கு ஏற்ற பொருளன்று” என்று ஆக்ஷேபிப்பவர்கள் உண்டு. அவர்கள் நமது பழைய நூல்களை மறந்துவிட்டார்கள் என்றே சொல்லவேண்டும். பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படைகள். ஆற்றுப்படை என்பது யாது? பரிசில் பெற்றுத் திரும்பும் ஒரு வறியவன், எதிரே வரும் மற்றொரு வறியவனுக்கு வழி சொல்லுவது. எந்த வழியே போவது, எங்கே தங்குவது, யார் சோறிடுவார் என்பனவெல்லாம் அதில் அடங்கும். பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வாணிகரின் வண்டி வரிசை வருகிறது; சுங்கம் வாங்கும் காவலர் வருகின்றனர். எனவே தமிழில் பிரயாண இலக்கியம் தோன்றியபோது அது ஏழையின் பிரயாணத்தைப் பற்றியதாகவே தோன்றிற்று. பிற்காலத்தில்தான் அது வசதியுள்ளவரின் பொழுதுபோக்காயிற்று.

இக்காலத்துப் பிரயாண எழுத்தாளரை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பாரதியார் 1907ம் வருஷத்துச் சூரத் காங்கிரஸுக்குச் சென்று வந்து, “எங்கள் காங்கிரஸ் யாத்திரை” என்று எழுதினார். ஏ. கே. செட்டியார் காந்தியடிகளின் வாழ்க்கையைச் சலனப்படமாக்கும் பொருட்டுக் கண்டம் கண்டமாக அலைந்தார். 1940ம் வருஷம் அப்படத்தை வெளியிட்டார். “உலகம் சுற்றும் தமிழன்” என்ற அவருடைய நூல் சிறிய வாக்கியங்களாலும், தன்னைப் பெரிதாகக் காட்டாத அடக்கத்தாலும் இன்றும் படிக்க இனிமையாயிருக்கிறது. தி. ஜானகிராமனும் சிட்டியும் காவேரிக் கரையோரமாகப் போய் “நடந்தாய் வாழி, காவேரி” எழுதினர். இவையெல்லாம் நல்ல நூல்கள். ஆனால் ஏறிய வண்டிக்கு ஏற்பவே பார்வை அமைகிறது. காரில் போகிறவன் நினைத்த இடத்தில் நிறுத்துகிறான். அதனால் அவனுக்குக் காட்சி கிடைக்கிறது. பஸ்ஸில் போகிறவன் பிறர் நிறுத்தும் இடத்தில் நிற்கிறான். அவனுக்கு மனிதர் கிடைக்கின்றனர். முன்னதை நமது எழுத்தாளர் நன்கு எழுதியிருக்கிறார்கள். பின்னது பெரும்பாலும் எழுதப்படாமலே கிடக்கிறது.

ஆங்கிலப் பாடசாலையில் படித்த நமக்கு இவ்விடத்தில் தாமஸ் டி குவின்ஸி என்பவரின் கட்டுரையொன்று நினைவுக்கு வருகிறது. 1849ம் வருஷம் வெளிவந்த அக்கட்டுரைக்கு “ஆங்கிலத் தபால் கோச்” என்று பெயர். குதிரைகள் இழுத்த அந்தக் கோச்சுதான் அக்காலத்துப் பொது வண்டி. உள்ளே உட்காருவோர் மேன்மக்கள், கூரைமேல் உட்காருவோர் கீழோர் என்றிருந்த வழக்கத்தை அவர் பரிகசிக்கிறார். வேகத்தின் இன்பத்தைப் பாடுகிறார். பிறகு ஓரிரவு வண்டியோட்டி தூங்கிவிட, கோச்சு எதிரே வந்த ஒரு சிறு வண்டியின்மேல் மோதப் போன கதையைச் சொல்லுகிறார். அவன் ஏன் தூங்கினான் என்பதையும் அவர் விட்டுவிடவில்லை. ஒரு வழக்கின் பொருட்டு மூன்று நாட்களாகப் படுக்கையே காணாதவன் அவன் என்று எழுதுகிறார். பொதுவண்டியில் சாதாரணப் பிரயாணியாய் ஏறியவர் ஆதலால், வேகத்தையும் பயத்தையும் காரணத்தையும் ஒருங்கே எழுத அவரால் முடிந்தது.

தமிழ்க் கதைகளில் பஸ் வராமலில்லை. அது எவ்வாறு வருகிறது என்பதே கேள்வி. 1966ம் வருஷம் ஆனந்த விகடனில் வெளிவந்த ஜெயகாந்தனின் “அக்கினிப் பிரவேசம்” பெரும் விவாதத்தைக் கிளப்பிற்று. கல்லூரியில் படிக்கும் ஓர் ஏழைப் பெண் மழையில் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கிறாள். ஒரு கார் வந்து நிற்கிறது. அதில் ஏறியவள் கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். தாய் அவள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். தமிழ்நாடு முழுவதும் அந்தத் தண்ணீரைப் பற்றி வாதாடிற்று. கற்பு என்றார்கள், சாஸ்திரம் என்றார்கள், புரட்சி என்றார்கள். அந்தப் பெண்ணை மழையில் நிற்கவைத்த பஸ்ஸைப் பற்றி வாதாடியவர் யார்? காருடையவனுக்கும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவளுக்கும் உள்ள பேதமே அக்கதையின் அஸ்திவாரம். ஆசிரியர் அதை அறிந்தே அமைத்தார். விமர்சகர்களுக்குத்தான் அது கண்ணிற் படவில்லை. தமிழ்நாட்டில் 2021ம் வருஷம் மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிப் போகிறார்கள். பஸ் என்பது பெண்ணின் கதி என்று ஓர் அரசாங்கம் உணர்ந்ததை நமது விமர்சனம் இன்னும் உணரவில்லை.

பஸ்ஸின் ஆசனம் அற்ப விஷயமன்று. 1929ம் வருஷம் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்த டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன், இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்தபோது, ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பஸ்களின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். பணம் கொடுத்தும் ஏற முடியாத காலம் ஒன்று நமக்கு இருந்தது என்பதற்கு அவ்வுத்தரவே சாட்சி. அமெரிக்காவிலே மாண்ட்கமரி நகரத்தில் 1955ம் வருஷம் டிசம்பர் 1ந் தேதி ரோஸா பார்க்ஸ் அம்மையார் வெள்ளையருக்காக எழுந்து இடம் விட மறுத்தார். அதன்மேல் அந்நகரத்துக் கறுப்பு மக்கள் 381 நாள் பஸ் ஏறாமலே காலங்கழித்து வெற்றி பெற்றனர். அங்கே அந்த ஒரே ஆசனத்தைப் பற்றி எத்தனை நூல்கள்! இங்கே நமது ஜில்லா போர்டு உத்தரவைக் கருவாக வைத்து எழுந்த கதை ஒன்றேனும் நம் கையில் அகப்படவில்லை.

இனிப் பினாங்குக்கு வருவோம். ஜார்ஜ் டவுனில் டிராம் ஓடிற்று. 1925ம் வருஷம் டிராலி பஸ் வந்தது. 1936ல் டிராம் நின்றது. 1961ல் டிராலி பஸ்ஸும் நின்றது. நகரசபை பஸ்கள் நீங்கலாகத் தீவின் பிற பாகங்களுக்குத் தனியார் கம்பெனிகள் பஸ் விட்டன. பாயான் லெப்பாஸ், பாலிக் பூலாவ் பக்கம் போவது மஞ்சள் பஸ். பத்து பெரிங்கி பக்கம் போவது நீல பஸ். ஆயர் ஈத்தாம் பக்கம் போவது பச்சை பஸ். மலாய் எழுத்தோ ஆங்கில எழுத்தோ அறியாத தோட்டத்துக் கிழவி, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை வரும்பொழுது, எழுத்தை நம்பவில்லை, நிறத்தை நம்பினாள். அவளுக்கு நிறமே நெடுங்கணக்காயிருந்தது. 2007ம் வருஷம் ரேப்பிட் பினாங்கு வந்தபின் 101 என்றும் 204 என்றும் எண்களே வழிகாட்டிகளாயின. சீட்டுக் கிழித்து, சில்லறை எண்ணி, “இறங்கு பாட்டி, இதுதான் உன் இடம்” என்று சொல்லுகிற கண்டக்டரும் போய்விட்டார். எண் படிக்கத் தெரியாதவர்களின் தலைமுறை மறைவதற்குள், அவர்கள் எப்படி வழி கண்டார்கள் என்பதை எழுதி வைத்திருக்கவேண்டாவா? நீல பஸ் ஓட்டிய ஹின் கம்பெனியின் பழைய டிப்போ, 2014ம் வருஷம் முதல் சித்திரக் கலைக்கூடமாயிருக்கிறது. சித்திரக்காரர்கள் அந்த டிப்போவுக்குள் புகுந்துவிட்டார்கள்; எழுத்தாளர்கள் இன்னும் வாசலிலேயே நிற்கிறார்கள்.

ஆனால் இவற்றினும் பெரியது ஒன்று உண்டு. அது தொழிற்சாலை பஸ். 1972ம் வருஷம் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வலயம் ஏற்பட்டது. மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் தேவைப்பட்டனர். அவர்களை ஏற்றிவரக் கம்பங்களுக்கும் தோட்டங்களுக்கும் பஸ் போயிற்று. 1985ம் வருஷம் பினாங்குப் பாலம் திறந்த பிறகு எதிர்க்கரையின் உட்பகுதியிலிருந்தும் கடல் தாண்டி வருவது எளிதாயிற்று. தோட்டத்துக் கிராணிகளாகிய நாம் பழைய செக்ரோல் புத்தகங்களைப் புரட்டும்போது ஒரு விஷயத்தைக் காண்கிறோம். ஒரு குடும்பத்தில் பாட்டியின் பெயர் இருக்கும். தாயின் பெயர் இருக்கும். மகளின் பெயர் ஒரு மாதத்தில் இருந்து மறு மாதத்தில் மறையும். அவள் சாகவில்லை, பஸ் ஏறிவிட்டாள்!

இம்மாறுதலின் அளவைச் சற்று எண்ணிப் பாருங்கள். அவளுடைய பாட்டி விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று கங்காணியின் குரலுக்குப் பதில் சொன்னவள். பேத்தியும் விடியுமுன்தான் எழுந்தாள்; லயத்துக்கு வெளியே, ரோட்டு முனையில், பஸ்ஸின் விளக்கைப் பார்த்து நின்றாள். கங்காணியின் பார்வை அந்த ரோட்டு முனையோடு முடிந்தது. பஸ்ஸிலே அவள் பக்கத்தில் மலாய்ப் பெண். முன்னே சீனப் பெண். சம்பளச் சீட்டு அவள் பெயரில் வந்தது. தந்தையின் கடனுக்கும் தம்பியின் படிப்புக்கும் அவளே பணம் கொடுத்தாள். இராத்திரி ஷிப்டு முடிந்து காலையில் திரும்பும்போது, ஊரார் வேறு விதமாகவும் பேசினார்கள். மலாய்க்காரர் “மினா காரான்” என்று பரிகாசப் பெயரிட்டார்கள். நம்மவர் அதைவிடக் கடுமையாகப் பேசினார்கள். அவ்வளவையும் பொறுத்துக்கொண்டு அவள் மறு நாளும் பஸ் ஏறினாள். பெண் விடுதலையைப் பற்றி மேடையேறிப் பேசியவர்கள் பலர். பேசாமல் பஸ் ஏறி அதை நடத்திக் காட்டியவள் இவள். மலேசியத் தமிழ் இலக்கியம் ரப்பர் மரத்தையும் சயாம் மரண ரயிலையும் எழுதிப் பெருமை தேடிக்கொண்டது. அது நியாயமே. இந்த பஸ்ஸுக்கும் அதே நியாயம் உண்டு என்பதே நம் கட்சி. துயரம் மட்டுமே இலக்கியமாகும் என்ற எண்ணம் நம்மவரைப் பிடித்திருப்பதால், ஒரு பெண் தன் கால் ஊன்றி நின்ற கதை எழுத்தில் ஏறாமல் போயிற்று.

துயரத்தையாவது சரியாக எழுதுகிறோமா? 2013ம் வருஷம் ஆகஸ்டில் கெந்திங் மலைச் சாலையில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 37 பேர் மாண்டனர். 2025ம் வருஷம் ஜூன் 9ந் தேதி கெரிக் அருகே பல்கலைக்கழக மாணவர் ஏறிவந்த பஸ் கவிழ்ந்து 15 பேர் மாண்டனர். இத்தகைய சமயங்களில் பத்திரிகைகளில் இரங்கற் கவிதைகள் வருகின்றன. அவற்றுட் பல நாமும் படித்தோம். மலர் உதிர்ந்தது, விதி அழைத்தது, காலன் கவர்ந்தான் என்பனவே அவற்றின் சாரம். விதியைக் கூவி அழைத்தால், வண்டியையும் ரோட்டையும் ஓட்டுநரின் வேலை நேரத்தையும் கேள்வி கேட்க யாருக்கும் தோன்றாது. டி குவின்ஸி தன் வண்டியோட்டி மூன்று நாள் படுக்காததை எழுதினார். நமது கவிகள் காலனோடு நிறுத்திக்கொண்டார்கள்.

சுங்கை நீபோங் நிலையத்திலிருந்து கோலாலம்பூருக்கு இரவு பஸ் ஏறியவர் அனைவரும் சிலவற்றை அறிவார்கள். தீபாவளிக்கு முன்னாள் டிக்கட் தரகன் சூழ்ந்துகொள்வதையும், குறித்த நேரத்தில் வண்டி வராததையும், நடுநிசியில் வளைவில் உடம்பு ஒரு பக்கம் சாய்வதையும், ஓட்டுநர் தூங்காமலிருக்கப் பாட்டை உரக்க வைப்பதையும் அறிவார்கள். அறிந்தும் பேசாமல் இறங்கி வீடு போகிறார்கள். 2025ம் வருஷம் ஜூலை 1ந் தேதி முதல் விரைவு பஸ்களில் இருக்கை வார் அணிவது கட்டாயமாயிற்று. சட்டம் வாரைக் கட்டச் சொல்லும். பிரயாணியை வாய் திறக்கச் செய்ய அதனால் ஆகாது. வாய் திறக்கும் பழக்கம் படிப்பினால் வருவது. தன்னைப் போன்ற ஒருவன் “மெதுவாக ஓட்டுங்கள், அண்ணே” என்று எழுந்து சொன்னதைக் கதையில் படித்தவன், தானும் ஒரு நாள் எழுந்து சொல்லக்கூடும்.

ஆகவே நமது எழுத்தாள அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். வெளிநாடு போய் வந்து எழுதுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு முன் ஒரு காலையில் ஜெட்டியில் பஸ் ஏறிப் பாலிக் பூலாவ் வரை போய் வாருங்கள். பக்கத்திலிருப்பவர் எங்கே ஏறினார், ஏன் போகிறார், எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று கேளுங்கள். தொழிற்சாலை பஸ்ஸில் போன பெண்கள் இன்று பாட்டிமார்களாகி வீட்டிலிருக்கிறார்கள். அவர்கள் வாய்ச்சொல்லை எழுதிக்கொள்ளுங்கள். பத்திரிகாசிரியர்கள் இரங்கற் பாவுக்கு ஒதுக்கும் இடத்தில் பாதியை உயிரோடு ஊர் போய்ச் சேர்ந்த பிரயாணிக்கு ஒதுக்குவார்களாக. வழிப்போக்கனுக்கு வழி சொல்லத் தொடங்கிய மொழி நம்முடையது. அம்மொழியில் எழுதுகிறவர்கள் வழிப்போக்கனோடு ஒரே ஆசனத்தில் உட்காரக் கூசவேண்டியதில்லை.