வேலைக்குப் போக ஒரு வெலோ

காலை ஐந்தரைக்குப் பும்பிளிட்ஸில் வீட்டைப் பூட்டிவிட்டு, பேர்ண் நகரத்துக்குக் குறுக்கே வாங்க்டோர்ஃப் வரை ஏழு கிலோமீற்றர் உழக்கித்தான் வேலைக்குப் போகிறேன். ஒய்ரோப்பாபிளாட்ஸ் தாண்டும்போது அங்கே கோயில்கொண்ட ஞானலிங்கேச்சுரருக்கு ஒரு கும்பிடு. லொறைன் பாலத்தில் ஏறினால் கீழே பச்சையாக ஆரே ஆறு. வேலைக்குப் போகும் வழியே இவ்வளவு இனிக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா!

சுவிஸில் சைக்கிளுக்கு 'வெலோ' என்று பெயர். கடைக்குள் போனால் கண் மயங்கும்: மெல்லிய சில்லு வைத்தது, மலையேறுவது, மின்சாரத்தில் ஓடுவது என்று எத்தனை! எனக்கு வழிகாட்டியது ஊர்தான். தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் நெல்லுமூட்டை, விறகு, நோயாளி எல்லாம் சைக்கிள் கரியரில்தானே போயின! வேலைக்குப் போகும் சைக்கிள் சுமக்க வேண்டும், நனைந்தாலும் தாங்க வேண்டும், இருட்டிலும் ஓட வேண்டும். அப்படி ஒன்றை, வசந்தகாலத்தில் கூடும் பழைய சைக்கிள் சந்தையில் கண்டெடுத்தேன். முழு மட்காட், உறுதியான கரியர், சங்கிலிக்கு மூடி.

அதன் டைனமோவைச் சொல்லியே ஆக வேண்டும். அப்பாவின் றலி சைக்கிளில் டைனமோவைத் தட்டிவிட்டால் ரயரோடு உரசி இரையும், கால் கனக்கும். இதில் அது முன்சில்லின் குடத்துக்குள்ளேயே இருக்கிறது. சத்தமே இல்லை. சிவப்பு விளக்கில் நான் நின்ற பிறகும் பின் லைற் சில நிமிடம் அணையாமல் எரிகிறது. பின்னால் வரும் வாகனம் என்னைக் காண்கிறது. கியர் எட்டும் பின்குடத்துக்குள் அடக்கம். நின்றபடியே மாற்றலாம், பனிக்காலத்தில் வீதிக்குப் போடும் உப்பு அவற்றைத் தொடாது. பாலம் தாண்டி வரும் ஏற்றத்தில் ஒரு கியர் இறக்கினால் போதும், மூச்சு வாங்காமல் ஏறிவிடுகிறேன்.

மேடு அதிகமுள்ள ஊர்க்காரர் மின்சாரச் சைக்கிளைத் தயங்காமல் எடுக்கலாம். மணிக்கு 25 கிலோமீற்றர் வரை உந்தித் தருவதே வேலைக்குத் தாராளம். 45 வரை போவதற்கு மஞ்சள் இலக்கத் தகடும் தலைக்கவசமும் கட்டாயம். இரண்டுக்குமே பகலிலும் லைற் எரிய வேண்டும்.

இந்த நாடும் சைக்கிள்காரரை மதிக்கிறது. 2018 செப்டம்பர் 23 அன்று 73.6 வீதமான வாக்காளர் சைக்கிள் பாதைகளை அரசியலமைப்பிலேயே எழுதச் சம்மதித்தார்கள். அதற்கான சட்டம் 2023 இல் நடைமுறைக்கு வந்தது. 2021 முதல், மஞ்சள் சைக்கிளும் அம்புக்குறியும் போட்ட சந்திகளில் சிவப்பு விளக்கிலும் நாம் வலப்பக்கம் திரும்பலாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன்: நிறத்தையும் வேகத்தையும் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் வேலைப்பையைக் கரியரில் கட்டி, உங்கள் வழியிலுள்ள மேட்டைப் போன்ற ஒன்றில் ஏறிப் பாருங்கள். சிரித்துக்கொண்டே உச்சிக்கு வந்தால் அதுதான் உங்கள் சைக்கிள்.