சத்தம் இளைப்பாறும் பெட்டி

எங்கள் தெருப் பால்காரரின் பழைய மொபெட் விடியற்காலை நாலரை மணிக்குத் தெருமுனையில் திரும்பினால் ஊருக்கே தெரியும். முதலில் நாய்கள், பிறகு தொட்டில் குழந்தை, கடைசியாக நான் என்று வரிசையாக எழுந்திருப்போம். ஒருநாள் அந்த வண்டி மெக்கானிக் பட்டறையில் சாய்ந்து கிடந்தது. சைலன்சர் தனியே கழன்று தரையில் கிடந்தது. டீ குடிக்கப் போன நான், கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

மிதிவண்டியில் எஞ்சினைக் கட்டிய நாள் முதலே இந்தச் சத்தமும் கூட வந்திருக்கிறது. 1946இல் ஜப்பானின் ஹமமட்சு நகரில் சோய்சிரோ ஹோண்டா, ராணுவ வயர்லெஸ் கருவிகளுக்கு மின்சாரம் தரச் செய்யப்பட்ட சின்ன எஞ்சின்களை வாங்கி மிதிவண்டிகளில் பொருத்தினார். வெந்நீர்க் குடுவைதான் முதல் பெட்ரோல் டேங்க். அந்த வண்டிக்கு ஜனங்கள் வைத்த பெயர் ‘பத்தாபத்தா’. நம்முடைய ‘படபட’வுக்குத் தூரத்து உறவு போல ஒலிக்கிறது. கண்ணில் படுவதற்கு முன் காதில் விழுந்த வண்டி. காதுதான் பெயர் வைத்தது.

சத்தம் எங்கே பிறக்கிறது? மொபெட்டின் டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டரின் சுவரில் ஒரு வாசல் திறக்கும். எரிந்து முடிந்த புகை, வெளிக்காற்றைவிடப் பல மடங்கு அழுத்தத்தோடு உள்ளே முட்டிக்கொண்டு நிற்கும். வாசல் திறந்ததும் ஒரே பாய்ச்சல். அதுதான் ‘டப்’. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் விநாடிக்கு 50 ‘டப்’. அதே வேகத்தில் ஓடும் ஒற்றைச் சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு 25தான். சின்ன மொபெட் பெரிய வண்டியைவிடப் படபடப்பதன் ரகசியம் இதுதான். புல்லட் நிதானமாக இடைவெளி விட்டுப் பேசும். மொபெட்டுக்கு மூச்சு விட நேரமில்லை.

இதை அடக்க எளிய வழி வாயைப் பொத்துவது. ஆனால் பொத்தினால் எஞ்சின் திணறும். புகை போக இடமில்லாவிட்டால் புதுக் காற்றும் பெட்ரோலும் உள்ளே வர இடமில்லை. மேட்டில் வண்டி ஏறாது. ஆகவே நல்ல சைலன்சர் புகையைத் தடுப்பதில்லை, அதற்கு அலையச் சொல்லிக் கொடுக்கிறது. ஒடுங்கிய குழாயில் பாய்ந்து வந்த புகை, திடீரென்று அகலமான அறைக்குள் விழுந்து விரிகிறது, அழுத்தம் தணிகிறது. ஒலி அலையில் ஒரு பங்கு அந்த அகலத்தில் மோதித் திரும்பிப் போகிறது. அடுத்து, துளையிட்ட குழாய் வழியாகச் சிறு சிறு தாரைகளாகப் பிரிந்து இன்னோர் அறை. கடைசியில் ஒல்லியான வால்குழாய். அங்கே வரும்போது பாய்ச்சல் களைத்து வெறும் மூச்சாகியிருக்கும். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் சைலன்சரைப் பற்றிச் சொல்லும்போது இந்த விரிவறையைத்தான் முதலில் குறிப்பிடுகின்றன.

அறை பெரிதாக இருந்தால் நல்லது. சிலிண்டரின் கொள்ளளவைப்போல் பத்து மடங்காவது வேண்டும் என்பது பழைய கைக்கணக்கு. 50 சிசிக்கு அரை லிட்டர். மிதிவண்டிச் சட்டத்தில், பெடலில் மிதிக்கும் கால் படாமல், சேலை முந்தானை சுடாமல் அந்த அரை லிட்டரை ஒளித்து வைப்பதில்தான் வடிவமைத்தவரின் சாமர்த்தியம்.

பால்காரரின் வண்டியில் அறையெல்லாம் இருந்தது, உள்குழாயைத்தான் காணோம். யாரோ எப்போதோ ‘பிக்கப்’ கூடும் என்று உருவி எறிந்திருக்கிறார்கள். “சத்தம் கூடினா வேகம் கூடின மாதிரி இருக்கும்ணே, மீட்டரைப் பாத்தாத்தான் தெரியும்” என்றார் மெக்கானிக். அவர் சொன்னதற்குப் பின்னால் ஒரு பெரிய சரித்திரமே இருக்கிறது. 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தின் பந்தய வண்டிகளுக்கு வால்டர் காடன் என்ற பொறியாளர் வயிறு பெருத்து வால் சிறுத்த புகைக்குழாய்களைச் செய்தார். வெளியே ஓடும் அலையைக் கூம்பில் மோதவிட்டுத் திரும்ப வரவழைத்து, வாசல் வழியே நழுவும் புதுப் பெட்ரோல் ஆவியை உள்ளேயே தள்ளிவிட வைத்தார். நாம் இரைச்சல் என்று வெறுக்கும் அதே அலை, ஒழுங்குக்கு வந்தால் கூலி கேட்காமல் வேலை செய்யும். அளவு தெரியாமல் குழாயை உருவியவர் அந்த வேலையாளையும் சேர்த்து விரட்டிவிடுகிறார்.

மெக்கானிக் ஒரு இரும்புக் குழாயில் வரிசையாகத் துளை போட ஆரம்பித்தார். நாதஸ்வரத்தில் விரல் படாத கீழ்த் துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதி சேர்ப்பார்கள். அங்கே துளை நாதத்தைத் திரட்டுகிறது, இங்கே கரைக்கிறது. இரண்டு கைகளும் கையாள்வது குழாய்க்குள் அலையும் காற்றைத்தான். துளைகளைப் பெரிதாக்காமல் எண்ணிக்கையைக் கூட்டினார். பொடித் துளை கார்பனில் சீக்கிரம் அடைபடும், பெருந்துளையில் சத்தம் முழுசாக நழுவும். இரண்டுக்கும் நடுவே அவர் கை நின்றது. பெட்ரோலோடு கலந்த ஆயில் எரிந்து உள்ளே கரியாகப் படிந்திருந்தது. அதைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, தட்டி உதிர்த்தார். சிலிண்டர் வாசலில் படிந்த கரியை மரக்குச்சியால் சுரண்டினார். இரும்பு பட்டால் பிஸ்டனில் கீறல் விழும்.

கண்ணாடிப் பஞ்சு சுற்றலாமே என்றேன். கீச்சென்ற மேல்ஸ்தாயியை அது விழுங்கும், ஆனால் டூ ஸ்ட்ரோக் ஆயிலில் நனைந்து கட்டியாகிவிடும் என்றார். பிறகு காட்டியதுதான் நான் எதிர்பாராதது: எஞ்சினின் குளிர்ச்சித் தகடுகளுக்கு இடையே சின்ன ரப்பர் துண்டுகளைச் செருகினார். தகடுகள் சேகண்டி போல அதிர்ந்து ஒலிப்பது நின்றது. குழாய் சிலிண்டரோடு சேருமிடத்தில் புது கேஸ்கெட் வைத்தார். ‘டிக் டிக்’ என்ற கசிவு போயிற்று. நாம் சைலன்சர் மேல் போடும் பழியில் பாதி அதன் பக்கத்து வீட்டுக்காரர்களுடையது.

வண்டியைக் கிளப்பிவிட்டு, வால்குழாய்க்கு ஒரு சாண் தள்ளி உள்ளங்கையைக் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். துடிப்பு சீராக விழுகிறதா, முட்டி முட்டி வருகிறதா என்று கை கேட்டது. 80 சிசி வரையுள்ள புது வண்டிகளுக்கு அரசு வைத்த வரம்பு 75 டெசிபல். அவரிடம் அளக்கும் கருவி இல்லை. ஐட்லிங்கில் நின்ற வண்டிக்குப் பக்கத்தில் குரலை உயர்த்தாமல், “காசு அடுத்த வாரம் குடுங்க” என்றார். பால்காரர் “என்ன?” என்று கேட்கவில்லை. அளந்தாயிற்று.

பத்தாபத்தாவைச் செய்த அதே ஹோண்டா 1958இல் சூப்பர் கப் வண்டியை ஃபோர் ஸ்ட்ரோக்கில் கொண்டுவந்தார். நம்மூரில் 1980இல் வந்த டிவிஎஸ் 50இன் வம்சம் 2015இல் எக்ஸ்எல் 100 வழியாக அந்தப் பக்கம் திரும்பியது. டூ ஸ்ட்ரோக்கின் காலம் முடிகிறது. துளை போடும் அந்தக் கையும் வேறு வேலைக்குப் போய்விடும்.

மறுநாள் விடியற்காலை எனக்கு விழிப்பு வந்தபோது மணி நாலே முக்கால். எஞ்சின் வந்ததே தெரியவில்லை. வாசலில் பால் கேனின் மூடி ‘கிணுங்’ என்றது. இத்தனை வருஷத்தில் அந்தச் சத்தத்தை அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டேன்.